கொடும்பாவிக்கு ஒரு சட்டை

உயிரோடு இருக்கிறவன் சட்டையைக் கொடும்பாவிக்குப் போடக்கூடாது. கீழமடைப்பட்டியில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பால்குடி மறந்த நாள்முதல் எல்லோருக்கும் தெரியும். போட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். தெற்குத் தெருவில் ஒருவன் வீம்புக்குப் போட்டுவிட்டு நாற்பத்தெட்டாம் நாள் கிணற்றில் விழுந்து செத்த கதையைச் சொல்வார்கள். அவன் பேர் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். கதை பொய்யாகவே இருக்கட்டும். சட்டையைக் கழற்றிக் கொடுக்க ஒரு ஆள் வரமாட்டான். அதனால் வானம் பொய்த்த வருசங்களில் வைக்கோலால் பாவியைக் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது எரிக்கிற அன்றைக்கு, செத்தவர் வீட்டில்தான் சட்டை கேட்டு வாங்குவார்கள். செத்தவருக்கு இனிமேல் என்ன கெடுதல் வந்துவிடும் என்று ஊருக்கு ஒரு தைரியம்.

இந்தப் புரட்டாசியில் பாவி கட்டியது மழைக்காக இல்லை. சோலார் கம்பெனிக்காரனுக்காக.

ஊருக்கு ஒரே கண்மாய். கண்மாய்க்கு ஒரே வரத்துக்கால். மேற்கே ஓடையில் தண்ணீர் புரண்டால் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கண்மாய்க்கு வந்து சேரும்; கண்மாய் பெருகினால்தான் கிணறுகளில் ஊற்று. போன கோடையில் கம்பெனி மேற்குக் காட்டை வளைத்து வேலி போட்டுத் தகடு பதித்தபோது, வாய்க்காலையும் கிராவல் அடித்து மூடி, மேலே லாரி போகப் பாதை போட்டுவிட்டது. ஐப்பசி மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மனு மேல் மனு கொடுத்தும் பதில் இல்லை. கம்பெனி முதலாளியை ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெள்ளைக் காரில் ஒருவர் இரண்டு தடவை வந்துபோனார். அவர்தான் முதலாளி என்று பாதிப் பேரும், அவர் முதலாளியின் டிரைவர் என்று மீதிப் பேரும் சொன்னார்கள்.

"இனி மனுக் குடுத்துப் பிரயோசனம் இல்லப்பா. தாலுகா ஆபீஸு முன்னால வச்சு அவனுக்குக் கொடும்பாவி கட்டி எரிச்சாத்தான் மேல இருக்கவன் காதுல விழுகும்" என்று முதலில் சொன்னவர் உக்கிரபாண்டி. மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. வாய்க்கால் ஓடுகிற மூன்று ஏக்கரைப் புரோக்கரிடம் முதன்முதலில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். "வாய்க்காலைத் தொட மாட்டோம்னு பெத்த தாய் மேல சத்தியம் பண்ணுனாகப்பா" என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊரில் யாரும் அதை அவர் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. அவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போடும்போது மட்டும் பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

போராட்டத்தன்று காலையில் சந்தனம்மாள் ஒரு குண்டான் புளிச்சோறு கிண்டினாள். சீனியவரைக்காய் வத்தலை எண்ணெயில் போட்டதும் வீடெல்லாம் வாசம் எழும்பியது. ஐம்பத்தாறு வயசிலும் எட்டுப் பேருக்கு ஒரே கையால் சோறு கிளறுகிற உடம்பு அவளுக்கு. மகன் மாரீஸ்வரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கல்யாணமாகி எட்டு மாதமான மருமகள் யுவராணி இங்கே அத்தையோடு.

"அத்தே, நீங்க வரணுமா? வெயிலு மண்டையப் பிளக்குமே."

"நான் வராம எப்படித்தா? உங்க மாமா இருந்திருந்தா இன்னைக்கு மொத ஆளா நிப்பாக. முப்பது வருசம் அந்த வாய்க்காலுக்குள்ளயே கெடந்த மனுசன்."

சொல்லிவிட்டு, உத்திரத்தில் தொங்கிய மஞ்சப்பையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள் சந்தனம்மாள். யுவராணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சொல்லாமல், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த தூக்குவாளியை மறுபடி துடைத்தாள்.

"அந்த வெளக்கமாத்தையும் எடுத்துக்கத்தா, தேஞ்சதா" என்றாள் சந்தனம்மாள். "பாவிக்குப் புது வெளக்கமாறு கேடா?"

பால்ச்சாமி செத்து இரண்டு வருசம். ஊருக்கு அவர்தான் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும், வாய்க்காலில் மண்டுகிற கருவேலத்தை வெட்டுவதும் அவர் வேலை. பதினாறாம் நாள் அவர் துணிமணியெல்லாம் வழக்கப்படி வெளியே போனபோது, சந்தனம்மாள் ஒரே ஒரு சட்டையை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாள். மூக்குப்பொடிக் கலரில் கட்டம் போட்டது. டெய்லர் ஜமால் மைதீனிடம் சண்டை பிடித்து அவர் இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்த சட்டை. பீடி ஒரு பையில், தீப்பெட்டி ஒரு பையில். "ஒண்ணா வச்சா ஒண்ணை ஒண்ணு பத்திக்கிருமா?" என்று ஜமால் மைதீன் கேட்டாராம். கேட்டவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, ஒருநாள் அணையாத பீடியை இடது பையில் போட்டுப் பொட்டளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்தச் சட்டையை அவள் துவைக்கவே இல்லை. மஞ்சப்பையில் போட்டு உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தாள். அமாவாசைக்கு அமாவாசை எடுத்து முகத்தை வைத்துப் பார்ப்பாள். வேர்வையும் பீடியும் வாய்க்கால் சேறும் கலந்து, ஆள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருக்கும். இது அவளுக்கும் அந்தப் பைக்கும் மட்டும் தெரிந்த விசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதி ஊர் ஏறியிருந்தது. பாவியை மட்டும் முந்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சாக்குக்கு அடியில் ஒளித்து அனுப்பியிருந்தார்கள். போலீஸ் கண்ணில் பட்டால் எரிக்கும் முன்னே பிடுங்கிவிடுவார்களே. பஸ் மேற்குக் காட்டைத் தாண்டும்போது தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருத்தம்மாள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"ஏத்தா சந்தனம், இதுக்குள்ள நம்ம வாய்க்காலு எங்கிட்டு ஓடுச்சுன்னு இப்பச் சொல்லு பாப்போம்."

"அந்தா, அந்த ரெண்டாவது கம்பத்துக்கு நேரா. அங்கன ஒரு வாகை மரம் நின்னுச்சுல்ல. கஞ்சி கொண்டாந்தா அதுக்குக் கீழதான் எறக்கி வைப்பேன்."

மரமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆனால் சந்தனம்மாளுக்கு எல்லாம் அப்படியே இருந்தது. வருசத்துக்கு ஒருநாள், முதல் தண்ணீர் வருகிற காலையில், பால்ச்சாமி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். அவள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். வாய்க்காலில் நுரையும் சருகும் எறும்பும் சுமந்துகொண்டு தண்ணீர் தலையெடுத்து வரும். அவர் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வருவார். குறுக்கே கிடக்கிற கல்லை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி "வா, வா, இந்தா வந்துட்டோம், வா" என்று தண்ணீரோடு பேசுவார். அவள் கரைமேல் நின்று சிரிப்பாள். "பொண்டாட்டியக்கூட இம்புட்டு ஆசையாக் கூப்புட்டதில்ல இந்த மனுசன்" என்பாள். அவர் நிமிராமலே, "நீ கூப்புடாமலே வாரவதானடி" என்பார். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணமான வருசம் அவள் பார்த்த முதல் கொடும்பாவியும் ஞாபகம் வந்தது. மூன்று வருசம் மழையில்லாத காலம் அது. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் பால்ச்சாமியும் ஒருவர். பாவிக்கு அடுப்புக்கரியால் அவர் வரைந்த மீசை, அவர் மாமனார் மீசை மாதிரியே அமைந்துவிட்டது. புதுப்பெண் மாரடிக்கிற கூட்டத்தில் நின்று அழ வேண்டியவள். அப்பனின் மீசையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அவள்தான் ரொம்ப உருகி அழுகிறாள் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் மழை பெய்தபோது, புதுப்பெண் அழுத அழுகை என்று ஊரே பேசியது. அவர்கள் இரண்டு பேரும் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டே முப்பத்தைந்து வருசம் சிரித்தார்கள்.

தாலுகா ஆபீஸ் முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீசும், இரண்டு பொம்பளைப் போலீசும் இருந்தார்கள். உக்கிரபாண்டி கையை உயர்த்தி, "தோண்டு தோண்டு, வாய்க்காலைத் தோண்டு!" என்று எடுத்துக்கொடுக்க, கூட்டம் வாங்கிச் சொன்னது. பத்து நிமிசம் போனதும் ஆட்டோ பின்பக்கமாக வந்து நின்றது. சாக்கை உருவி, நாலு பேர் பாவியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நிறுத்தினார்கள். சட்டித் தலை, சுண்ணாம்பால் பல், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் நாடாவால் ஒரு டை. நரிக்குடிப் பக்கமிருந்து வாங்கிவந்த வைக்கோல் உடம்பு, வயிறு கொஞ்சம் தூக்கலாக.

"பால்ச்சாமி அண்ணன் பொண்டாட்டி மொத அடி அடிக்கட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். "ஆமா, அதுதான் மொறை!" என்று பின்னாலிருந்தவர்கள் அவளை முன்னே தள்ளினார்கள்.

சந்தனம்மாளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "எங்க வாய்க்காலை மூடுனியே பாவி!" என்று சொல்லி, விளக்கமாற்றை ஓங்கி நெஞ்சில் ஒன்று வைத்தாள். தூசி பறந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியவள், அடி விழுந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பை. இடது பையில் பொட்டளவுக்கு ஓட்டை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். செருப்பும் விளக்கமாறும் சட்டைமேல் விழுந்தன. கருத்தம்மாள் காறித் துப்பினாள். சந்தனம்மாள் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து யுவராணியின் கையைப் பிடித்தாள்.

"ஏத்தா, இது யாரு குடுத்த சட்டை?"

யுவராணிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அத்தே, நேத்து நீங்க நூறுநாள் வேலைக்குப் போயிருந்தீகளா... அந்தா கோஷம் போடுறாகளே சின்னமாமா, அவுக விட்ட ஆளு வந்து, செத்தவுக சட்டை ஒண்ணு வேணும், உங்க வீட்டுலதான் இருக்கும்னு கேட்டான். இல்லைன்னேன். அப்ப உம் புருசன் சட்டையாச்சும் குடும்மான்னு அந்தாளு கொடிப் பக்கம் கைய நீட்டிட்டான் அத்தே. எனக்குப் பதறிப்போச்சு. அவுக சட்டைய எப்படித் தொட விடுவேன்? மஞ்சப்பையில மாமா சட்டை இருக்குறது ஒருநாள் தூசி தட்டையில தெரிஞ்சிச்சு. அத எடுத்துக் குடுத்துட்டு, பைய மறுபடி மாட்டிட்டேன். நீங்க அத அம்புட்டு ஆசையா வச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியாதே அத்தே."

"ஒனக்கு யாரு சொன்னா அது?"

"இன்னைக்குக் காலையில பைய அண்ணாந்து பாத்தீகள்ல. அப்பத்தான் புரிஞ்சுச்சு. சொல்ல வாய் வரல."

அவளைத் திட்ட முடியவில்லை. புருசன் சட்டையைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் செய்தாள். சந்தனம்மாளும் அந்த வயசில் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அங்கே அடி விழுந்துகொண்டே இருந்தது. முப்பது வருசம் வாய்க்காலைத் திறந்து வைத்த ஆளின் நெஞ்சில், வாய்க்காலை மூடினாயே என்று அவளே முதல் அடி அடித்துவிட்டாள். இப்போது கூப்பாடு போட்டால் போராட்டம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். மண்ணெண்ணெய் கேனை ஒருவன் திறந்துவிட்டான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அவளுக்கு ஊரும் தெரியவில்லை, வாய்க்காலும் தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பாவியை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

சரியாக அதே நேரத்தில்தான் போலீசும் பாவியைப் பிடுங்க ஓடிவந்தது. அந்தப் பக்கம் போலீஸ் காலைப் பிடித்து இழுக்க, இந்தப் பக்கம் ஊர் கையைப் பிடித்து இழுக்க, நடுவில் சந்தனம்மாள். வைக்கோல் பிய்ந்து பறந்தது. சட்டித் தலை விழுந்து உடைந்தது. "விடாத சந்தனம்! விட்றாத!" என்று கருத்தம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். செல்போனில் படம் பிடித்தவர்கள் எல்லாம் வீரத்தாய் என்றே நினைத்திருப்பார்கள். பொம்பளைப் போலீஸ் இரண்டு பேரும் அவள் கைவிரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "கையை எடும்மா. இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறயே, யாரும்மா இது உனக்கு?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் சந்தனம்மாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போலீசும் சிரித்தது. சிரிக்காதவள் கருத்தம்மாள் ஒருத்திதான். அவள் கிட்டே வந்து குனிந்து அந்தப் பையைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள்.

"அடி ஆத்தீ! இது பால்ச்சாமி அண்ணன் சட்டைடி. ஜமால் மைதீன் தச்ச சட்டை. நான் துப்பிட்டேனே... ஏத்தா, நான் துப்பிட்டேனே!"

அப்படியே அமுங்கிப்போனது சத்தம். போலீசும் பாவியின் காலை விட்டுவிட்டு நின்றது. அடித்தவர்கள் எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். உக்கிரபாண்டிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். பால்ச்சாமிக்குச் சித்தப்பா மகன் அவர்.

"மதினி, தெரியாம நடந்துபோச்சு. செத்தவுக சட்டைன்னுதான் கேட்டு விட்டேன், போனவன் உங்க வீட்டுல வந்து கேப்பான்னு நெனக்கல. ஊரு வேலையா வந்துட்டோம். எரிச்சு முடிச்சிருவோம். விடுங்க."

"எரிங்க, நான் வேணாங்கல" என்றாள் சந்தனம்மாள். மூச்சு வாங்கியது. "வாய்க்கால மூடுனவன் சட்டைய மாட்டி எரிங்க. தொறந்து வச்சவுக சட்டைய மாட்டி அடிக்கீகளே, மனசு கூசலையா? நானும் அடிச்சேனே, எங் கைய எதுல கொண்டுபோயி வைக்க?"

"கம்பெனிக்காரன் சட்டைக்கு நான் எங்க போவேன் மதினி? அவன் மூஞ்சியவே நாம பாத்ததில்லையே."

"கம்பெனிக்காரன் என்ன வானத்துல இருந்தா குதிச்சான்? எடங்குடுக்காம உள்ள வந்தானா?"

அவள் பேர் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் கூட்டம் முழுதும் உக்கிரபாண்டியைப் பார்த்தது. இத்தனை மாதமாக அவர் கோஷம் போட்டுப் போட்டு மூடி வைத்திருந்ததெல்லாம் நடுரோட்டில் திறந்து கிடந்தது. அவர் தன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானில் கை வைத்தார்.

"அண்ணே, வேணாம்ணே!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் அவர் கையைப் பிடித்தான். பொம்பளைகள், "சின்னய்யா, உசிரோட இருக்கவுக போடக்கூடாது சின்னய்யா" என்று பதறினார்கள்.

"விடுங்கப்பா. எனக்கு அறுபத்திரெண்டு. கெணத்துல விழுந்தா விழுந்துட்டுப் போறேன். விழுகுறதுக்குக் கெணத்துல தண்ணியாவது வேணும்ல?" என்றார். குரல் மூன்று தெருவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கே லேசாகத்தான் கேட்டது.

தலையில்லாத வைக்கோல் உடம்பில் அவரே தன் சட்டையை மாட்டினார். அடிங்கப்பா என்றார். யாரும் அடிக்கவில்லை. அவரே செருப்பைக் கழற்றி ஒரு அடி அடித்துவிட்டு, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். ஒரு கை பற்றுவதற்குள் போலீஸ் குடம் தண்ணீரைக் கொட்டி, பாவியை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டது. அந்தச் சத்தத்தில் தாசில்தார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். புதன்கிழமை சர்வேயரை அனுப்பி வாய்க்காலை அளக்கச் சொல்கிறேன் என்றார். முந்தியும் இப்படி ஒரு புதன்கிழமை சொன்னவர்தான். ஆனாலும் இந்தத் தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் புளிச்சோற்றைப் பிரிக்கக்கூட ஒருவருக்கும் மனசு வரவில்லை. சந்தனம்மாள் சட்டையை மடியில் வைத்திருந்தாள். கொஞ்சம் குனிந்து முகத்தை வைத்துப் பார்த்தாள். வைக்கோல் வாசம், மண்ணெண்ணெய், ஊரே அடித்த செருப்புத் தூசி. அவர் எங்கேயும் இல்லை. இன்னொரு தடவை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள்; அங்கேயும் இல்லை. சத்தம் வராமல் அழுதாள். யுவராணி தன் கையை அத்தை கைமேல் வைத்தாள், சந்தனம்மாள் தட்டிவிடவில்லை.

உக்கிரபாண்டி பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றார். தோளில் கிடந்த துண்டு தள்ளுமுள்ளில் எங்கோ போயிருந்தது. டவுன் ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வெற்று மேனியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நெஞ்சில் நரைமுடி, விலாவெல்லாம் எலும்பு. பால்ச்சாமியோடு சேர்ந்து வாய்க்காலில் கருவேலம் வெட்டிய காலத்தில் இதே உடம்பு எப்படி இருந்தது என்று சந்தனம்மாளுக்குத் தெரியும். அந்த ஆள்மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. மேற்குக் காட்டுத் தகடுகள் தெரியத் தொடங்கியபோது அவள் எழுந்து, சீட்டுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

"இந்தாங்க, கொழுந்தனாரே. போட்டுக்கோங்க."

அவர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேணாம் மதினி. இத வாங்க எனக்கு யோக்கியதை இல்ல."

"யோக்கியதைக்குக் குடுக்கல. வாய்க்கால்ல தண்ணி வார அன்னைக்குக் கழட்டிக் கொண்டாந்து குடுங்க."

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"வரலைன்னா, மதினி?"

"வரலைன்னா சாகுறவரைக்கும் அதப் போட்டுக்கிட்டே திரிங்க."

அவர் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சட்டையை வாங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமல் தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.